கட்டுக்கு எழுதிய வழி

எங்கள் கோர்ட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்கள் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். பழைய ஊழியர்களிடம் எழுதி வாங்கி ஒரு மலர் போடப் போகிறார்களாம். "நான் அஞ்சாவதோட நின்னவ. என்னத்தம்மா எழுதறது?" என்றேன். அவர்களில் ஒருத்தி விடவில்லை.

"அக்கா, நீங்க இருபத்தாறு வருஷம் ஜட்ஜுக்குப் பக்கத்துலயே நின்னிருக்கீங்க. ஒரே பத்திரத்தை வச்சுக்கிட்டு ரெண்டு வக்கீலும் ரெண்டு மாதிரி சொல்றாங்க. ரெண்டும் சரின்னுதான் எனக்குப் படுது. ஜட்ஜு மட்டும் எப்படி ஒண்ணைப் பிடிக்கிறாங்க? அதை எழுதுங்க."

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. இன்னும் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஊர்ப் பெயரும் ஐயாமார் பெயரும் போடவில்லை. வழக்காடியவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அதே முன்சீப் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருந்தவர். அவர் காலமான பிறகு கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. வேலையின் பெயர் மசால்ச்சி. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் கோர்ட்டில் விளக்கேற்றி வைக்கிறவருக்கு அந்தப் பெயராம். நான் சேர்ந்தபோது டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. கூட்டுவது, பானையில் தண்ணீர் நிரப்புவது, பைல்களைத் தூக்கிக்கொண்டு அறைக்கும் ஹாலுக்கும் நடப்பது, இதுதான் என் வேலை. ஒரு நாள்கூட விளக்கு ஏற்றியதில்லை.

இரண்டு வருஷம் வராந்தாவோடு சரி. பிறகு டவாலி அண்ணன் லீவு போடும் நாட்களில் ஹாலுக்குள் நின்று பெயர் கூப்பிடச் சொன்னார்கள். மூன்று தடவை உரக்கக் கூப்பிட வேண்டும். எனக்குக் குரலே எழும்பாது. முதல் நாள் நான் கூப்பிட்ட ஆள் எனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார், அவருக்கே கேட்கவில்லை. ஒரு வக்கீல், "மேரியம்மா, ஆளைக் கூப்பிடுறீங்களா, ஜெபம் பண்றீங்களா?" என்றார். ஹாலே சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ராஜினாமா எழுதித்தர ஆள் தேடினேன். ஆள் கிடைக்கவில்லை. அதனால் இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

சட்டப் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷ். எனக்கு எண்கள் மட்டும் தெரியும். சிவப்பு அட்டை, பச்சை அட்டை, முதுகில் என்ன எண் என்று பழகிக்கொண்டேன். நான் சேர்ந்த புதிதில், ஜட்ஜு ஐயாமார் எல்லாவற்றையும் புத்தகத்தில் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஞானோபதேசத்துக்குக் கேள்வியும் பதிலும் அச்சடித்திருப்பது போல, ஒரு கேள்விக்கு ஒரு பதில். ஒரு நாள் இரண்டு வக்கீல்களுக்கும் ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். ஒருவர் ஒரு பக்கத்தைப் படித்து "இதுதான் அர்த்தம்" என்றார். அடுத்தவர் அடுத்த புத்தகத்தைப் படித்து "இல்லை, இதுதான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெஞ்ச் கிளார்க் சந்தானம் சாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"சார், ஒரே சட்டத்துக்கு ரெண்டு புஸ்தகம் ரெண்டு விதமாவா சொல்லும்?"

"பின்ன? உங்களுக்கு எதுக்கு ரெண்டு கை குடுத்திருக்கான் ஆண்டவன்? ரெண்டையும் தூக்கிட்டு வர்றதுக்குத்தான்" என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் நான் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

என் காலத்தில் பதினோரு முன்சீப்புகள் வந்து போனார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஒல்லியான மனிதர். டயஸில் இருக்கும்போது வெந்நீர்தான் குடிப்பார். அவர் பத்திரம் படிக்கிற விதமே தனி. எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பார்கள். அவர் கடைசிப் பக்கத்தை முதலில் எடுப்பார். கையெழுத்து யார், கைநாட்டு யார், சாட்சி யார், எழுதினவர் யார். அடுத்து சொத்து விவரம், நான்கு எல்லை. பிறகுதான் நடுவில் உள்ள வாசகத்துக்கு வருவார். அதையும் வாய்விட்டு மூன்று தடவை படிப்பார். முதல் தடவை வேகமாக. இரண்டாம் தடவை ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலின் மறுமுனையை வைத்து. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு. "எழுதச் சொன்னவர் பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி கேக்கணும்" என்று ஒரு தடவை சந்தானம் சாரிடம் சொன்னார்.

வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்க்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வழக்குகளும் அதற்கேற்பத்தான் வந்தன. ஒரு வாடகை வீட்டு வழக்கு. "குடியிருக்க மட்டும்" என்று ஒப்பந்தம். குடியிருந்தவர் முன்னறையில் எஸ்டிடி பூத் வைத்துவிட்டார். வெளிநாட்டுக்குப் பேச ஊரே வரிசையில் நிற்கிறது. வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். குடியிருந்தவருடைய வக்கீல், "இதே கோர்ட்டில் போன வருஷம் வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த பெண்ணைக் காலி செய்ய வேண்டாம் என்றீர்களே" என்று கேட்டார். ஐயா, "அங்க மிஷின் வீட்டுக்குள்ள இருந்துது. இங்க வீடு பூத்துக்குள்ள இருக்கு. உங்க கட்சிக்காரர் சமைக்கிறதே பின்பக்கத் தாழ்வாரத்துலதானே?" என்றார். அவரைக் காலி செய்யச் சொல்லித்தான் தீர்ப்பு. காகிதத்தில் இருந்தது இரண்டே சொல். ஒரு வழக்கில் ஒரு பக்கமாகவும் இன்னொரு வழக்கில் வேறு பக்கமாகவும் அது திரும்பியது. அன்று கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி பாக்கியத்தின் வழக்கு.

சாலையிலிருந்து வயல் நடுவே ஒரு வரப்பு போகிறது. அகலம் ஒரு முழத்துக்குச் சற்று மேல். அது போய் முடிகிற இடத்தில் ஒரு களம். களத்தை ஒட்டி ஒன்பது வீடுகள். அந்த ஒன்பது குடும்பங்களும் முன்னே ஒரு மிராசுதாரிடம் வயல் வேலை பார்த்தவர்கள். மிராசுதார் தம் கடைசிக் காலத்தில் அவர்கள் குடியிருந்த மனைகளை அவர்களுக்கே பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதில் வழியைப் பற்றி ஒரே வரி: "மேற்படி மனைக்காரர்கள் களத்துக்குக் கதிர்க்கட்டு கொண்டுபோக வர இந்த வரப்புத் தடத்தில் பாத்தியம் உண்டு."

வயல் பிறகு கை மாறி, குவைத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய துரைராஜிடம் வந்தது. அவர் வாங்கிய கையோடு வரப்பின் வாயில் கம்பி வேலி போட்டுவிட்டார். அதற்குள் எங்கள் பக்கம் அறுப்பு மெஷின் வந்துவிட்டது. மெஷின் வயலிலேயே அறுத்து வயலிலேயே நெல்லைக் கொட்டிவிடும். கட்டும் இல்லை, கட்டு சுமக்கிற ஆளும் இல்லை. களத்தில் கோரை முளைத்துக் கிடந்தது.

வேலி போட்ட பிறகு ஒன்பது வீட்டுக்கும் வாய்க்கால் கரை ஒன்றுதான் வழி. ஐப்பசி மழையில் அந்தக் கரை முழுகிவிடும். பாக்கியம்தான் வழக்குப் போட்டவள். கூண்டில் ஏறிச் சொன்னாள்.

"என் மருமகளுக்கு வலி வந்துடுச்சு. நாற்காலியில உக்காத்தி நாலு பேரு இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போனோம். கரை எது வாய்க்கால் எதுன்னு தெரியலை. ஒருத்தன் கால் தவறியிருந்தா ரெண்டு உசுரு. இவரு வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

துரைராஜ் எழுந்துவிட்டார். "நான் பாத்துக்கிட்டு இருக்கலைங்க ஐயா, திறந்துவிடலாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் நின்னேன். அன்னிக்கு ஒரு நாளைக்குத் திறந்தா நாளைக்கு லாரி வரும். இவ மகன் சிங்கப்பூர்ல இருக்கான், மாடி வீடு கட்டப் போறான். பதினோரு வருஷம் வெயில்ல காஞ்சு வாங்கின மண்ணுங்க அது."

அவரைப் பார்த்தாலும் பொய்யர் என்று தோன்றவில்லை.

அவருடைய வக்கீல் பெரிய கை. அவர் வாதம் சின்னதாக இருந்தது. "பத்திரம் வழி கொடுத்தது மனிதருக்கு அல்ல, கட்டுக்கு. கட்டு நின்றுபோனது. வழியும் நின்றுபோனது." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உடனே தோன்றியது இதுதான்: விளக்கு நின்றுபோனது, அப்படியானால் மசால்ச்சியும் நின்றிருக்க வேண்டும். என் நியமன உத்தரவை இந்த வக்கீல் படித்தால் எனக்குச் சம்பளமே கிடையாது. சந்தானம் சாரிடம் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, "சத்தமாச் சொல்லாதீங்க, ஆடிட்டுல எழுதிடுவாங்க" என்றார்.

ஐயா அந்த வரியை மூன்று தடவை படித்தார். பிறகு, "கட்டு களத்துக்குப் போகும். திரும்பி வராது. அப்ப 'வர' எதுக்கு?" என்று கேட்டார்.

பெரிய வக்கீல் சிரித்தார். "ஐயா, அது பத்திரம் எழுதறவங்க வாய்ப்பாடு. போக வர, ஆண்டு அனுபவிக்க, எல்லாப் பத்திரத்துலயும் இருக்கும். கை தன்னால எழுதும்."

ஐயா அதை அப்படியே விடவில்லை. அந்தப் பத்திரத்தை எழுதினவர் இறந்துபோனவர். ஆனால் அவர் எழுதியவை பதிவு அலுவலகத்தில் இருக்குமே. அதே கை எழுதிய வழிப் பத்திரங்களின் நகல்களை இரு தரப்பும் கொண்டுவரச் சொல்லி வாய்தா போட்டார். ஏழு நகல்கள் வந்தன. நான்தான் அவர் மேஜையில் வரிசையாக விரித்து வைத்தேன். வயலுக்கு எரு கொண்டுபோக வழி விட்ட பத்திரங்கள் மூன்று. அவற்றில் "கொண்டுபோக" என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு வழி விட்டவை நான்கு. அவற்றில் "போக வர" என்று இருந்தது. கை தன்னால் எழுதவில்லை. எழுதினவர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அறையில் ஐயா தனியாக உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன். அவர் மேஜையில் அடிஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே பேசினார்.

"ஒரு முழம் வரப்பு. கட்டோட ஒருத்தன் போறான். வெறுங்கையோட ஒருத்தன் வர்றான். எப்படி விலகுவாங்க?"

எனக்கு அதற்குப் பதில் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நானும் கட்டு தூக்கியவள். விலகவே மாட்டார்கள். கட்டு தூக்கிப் போகிற நாளில் அந்த வரப்பில் வெறுங்கையோடு யாரும் எதிரே வரக் கூடாது. களத்தில் கட்டைப் போட்டுவிட்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றித்தான் வயலுக்குத் திரும்ப வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து முறை. மறந்துபோய் எதிரே வந்தவளைக் கங்காணி சேற்றில் இறங்கச் சொல்லுவான்.

ஐயா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துவிட்டார். "மேரியம்மா, உங்களுக்குத் தெரியும்போல இருக்கே?"

நான் தலையை ஆட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜட்ஜிடம் சொல்ல விஷயம் இருந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

அவர் கையை உயர்த்தினார். "வேண்டாம். சொல்லாதீங்க. தப்பு என் மேலதான், உங்க முன்னால பேசியிருக்கக் கூடாது. நீங்க இங்க சொன்னா அது என் காதுல விழுந்துடும். ரெண்டு வக்கீலுக்கும் அது தெரியாது, மறுத்துக் கேக்க முடியாது. கூண்டுல ஏறினவங்க சொல்றதுதான் எனக்கு."

"சரிங்கய்யா" என்றேன்.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அது சரியான நிம்மதி இல்லை என்றும் தெரிந்தது. நான் சொல்லியிருந்தால் பாக்கியத்துக்குக் கேடு என்று நினைத்தேன். "வர" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஐயா மேலே ஏறிக்கொண்டிருந்தார். திரும்பி வருவதே அந்த வழியில் இல்லை என்றால் ஏணியே சரிந்துவிடும்.

அடுத்த வாய்தாவில் பெரிய வக்கீலே அதைக் கண்டுபிடித்துவிட்டார். பாக்கியத்தின் பக்கத்துச் சாட்சி வீரையன், எழுபது வயதுக்கு மேல், கட்டு தூக்கியே கழுத்து குறுகிப்போனவர். வக்கீல் அவரை நைச்சியமாகக் கேட்டார்.

"பெரியவரே, களத்துல கட்டைப் போட்டுட்டு அதே வரப்புல திரும்பி வருவீங்களோ?"

"அதெப்படிங்க? எதிர எதிர வந்தா ஆரு விலகறது? தலையில கட்டு இருக்கறவன் திரும்பக்கூட முடியாதுங்களே. கரை வழியாத்தான் வருவோம்."

"ஒரு நாளும் அந்த வரப்புல திரும்பினதில்லை?"

"அறுப்புல திரும்பினதில்லைங்க."

வக்கீல், ஐயாவைப் பார்த்து மெல்லத் தலைசாய்த்தார். பாக்கியம் பெஞ்சியில் உட்கார்ந்தபடி முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் வக்கீல் வெறும் காகிதத்தைப் புரட்டினார்.

ஐயா வெந்நீரை ஒரு வாய் குடித்தார். "வீரையன், நான் ஒண்ணு கேக்கலாமா? அறுப்பு இல்லாத நாள்ல?"

"அறுப்பு இல்லாத நாள்ல என்னங்க, கடைக்குப் போவோம், டாக்கிடரைப் பாக்கப் போவோம்."

"எந்த வழியா?"

"அந்த வரப்புலதாங்க. போவோம், வருவோம். மிராசுதாரு தடி ஊனிக்கிட்டு எதிர வருவாரு. நாங்கதான் இறங்கி நிப்போம். போகாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை."

பெரிய வக்கீல் அதையும் குறித்துக்கொண்டார்.

தீர்ப்பு நாளில் ஐயா தமிழிலேயே எழுதிப் படித்தார். எனக்கு நினைவிருக்கிற மட்டும் சொல்கிறேன். கட்டு தலையில் இருக்கும் நாளில் இந்த வழியாக யாரும் திரும்புவதில்லை என்று எதிர்த்தரப்பே காட்டியிருக்கிறது. அப்படியானால் பத்திரத்தில் திரும்பி வருவதற்கு என்று எழுதிய உரிமை அறுவடை நாளுக்கு உரியதாக இருக்க முடியாது. அது மற்ற நாட்களுக்கு உரியது. மற்ற நாளில் நடப்பவர் தலையில் கட்டு இல்லை. எனவே மிராசுதார் கட்டைச் சொல்லி எழுதினாலும் வழியைக் கொடுத்தது மனிதருக்கு. கட்டு ஒழிந்ததால் மனிதருடைய வழி ஒழியாது. வேலியில் ஒரு ஆள் போகிற அளவு திறந்துவிட வேண்டும்.

நான் ஏணி சரிகிறது என்று நினைத்த இடத்திலேயே அவர் காலை ஊன்றியிருந்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. கடைசிப் பத்தியில், நடந்துபோகவும் தலைச்சுமையோடு போகவும்தான் உரிமை, வண்டிக்கும் லாரிக்கும் இல்லை, வரப்பை அகலப்படுத்தவும் கூடாது என்று இருந்தது. பாக்கியம் வராந்தாவுக்கு வந்ததும் வெடித்தாள்.

"போலாமாம், வரலாமாம், லாரி மட்டும் கூடாதாம்! என் மகன் வீட்டைத் தலையில சுமந்துக்கிட்டா கட்டுவான்? ஒரு கண்ணைத் திறந்துட்டு ஒரு கண்ணைக் குத்திட்டாரே உங்க ஐயா!"

எனக்கும் அது புரியவில்லை. கட்டு என்று எழுதியிருந்ததை மனிதர் என்று படித்தவர், இன்னும் ஒரு எட்டு வைத்து லாரி என்றும் படித்திருக்கலாமே? சாயங்காலம் தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனபோது எப்படித் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். வழக்கு முடிந்துவிட்டதால் அவர் பதில் சொன்னார்.

"கட்டுலேருந்து மனுஷன் வரைக்கும் அந்தக் காகிதமே என்னைக் கூட்டிட்டுப் போச்சு மேரியம்மா. அதுக்கு மேல லாரி வரைக்கும் போகணும்னா நானாத்தான் போகணும். துரைராஜ் வயலை வாங்கும்போது இந்தக் காகிதத்தைப் படிச்சுட்டுத்தானே வாங்கியிருப்பார்? நான் மனசுல எழுதறதை அவர் எப்படிப் படிப்பார்?"

அது சரியா என்று எனக்கு இன்றுவரை முடிவாகத் தெரியாது. அந்த எஸ்டிடி பூத்துக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே கோடு போட்டதே அவர்தான். அங்கே எழுதியிருந்ததை விட்டு, நடப்பதைத்தான் பார்த்தார். இங்கே நடப்பதையும் பார்த்தார், எழுதியிருந்த இடத்தில் நின்றும் கொண்டார். எங்கே நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் புத்தகம் உண்டா என்று சந்தானம் சாரிடம் கேட்டேன். "இருக்கு. அதுவும் ரெண்டு" என்றார்.

துரைராஜ் அப்பீல் போகவில்லை. அந்த முன்சீப் மாற்றலாகிப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறி அங்கே போனேன். எதற்கு என்று கேட்டால், பார்க்க வேண்டும்போல் இருந்தது. இத்தனை நாள் காகிதத்தில் தூக்கி நடந்த வரப்பை நேரில் பார்த்ததில்லை.

சாலை ஓரத்தில் லாரி செங்கல்லைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஒன்பது வீட்டுப் பெண்களும் சும்மாடு வைத்துக்கொண்டு தலைக்குப் பத்துப் பத்துக் கல்லாக வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். துரைராஜ் வயலில் நின்று வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியத்துக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, கோர்ட்டு அம்மா! வாங்க வாங்க. சும்மாவா வந்தீங்க? ரெண்டு கல்லு எடுத்துக்கிட்டு வாங்க, ஒரு வாய் காப்பித் தண்ணி தர்றேன்."

"இல்லம்மா. நான் சும்மா நடந்து பாக்கத்தான் வந்தேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நடங்க. அதுக்குத்தானே நானும் அலைஞ்சேன்."

நடந்தேன். பாதி வரப்பு போன பிறகுதான் கவனித்தேன், என் வலது கை தானாக உயர்ந்து தலைக்கு மேல் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டேன். களம் வரைக்கும் போய், எழும்பிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்துவிட்டு, அதே வரப்பில் திரும்பினேன்.

எதிரே ஒரு பெண் கல்லோடு வந்தாள். நான் யோசிக்கவே இல்லை, செருப்பைக் கழற்றி ஒரு காலைச் சேற்றுக்குள் வைத்துவிட்டேன்.

"ஏம்மா, ஏம்மா! நாத்து மிதிபடுது, வயல்ல இறங்காதீங்க!" என்று துரைராஜ் கத்தினார். "வரப்புலயே நில்லுங்க!"

காலை எடுத்து வரப்பில் வைத்தேன். அந்தப் பெண் நின்றாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் ஒரு கையால் கல்லையும் ஒரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டு மெல்ல மாறினோம். "விழுந்துடாதீங்கக்கா" என்றாள். "நீ பாத்துப் போ" என்றேன். அவள் களத்துக்குப் போனாள். நான் வெறுங்கையோடு சாலைக்கு வந்தேன்.